ஷோக்கி சுருளோவியம்: முதன்முதலாகக் கையில் எடுப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஷோக்கியின் சுருளோவியம் ஒன்று முதன்முறையாகக் கைக்கு வரும்போது, பெட்டியைத் திறந்ததும் அதை மேசைமேல் போட்டு முழுவதுமாக விரித்துவிடத்தான் மனம் பரபரக்கும். உறுத்துப் பார்க்கும் கண்களும் காற்றில் பறக்கும் தாடியும் கொண்ட அந்தப் பேய்விரட்டியை உடனே பார்த்துவிட வேண்டும் என்ற ஆவல் இயல்பானதே. ஆனால் இது சட்டமிட்டுச் சுவரில் ஆண்டு முழுவதும் தொங்கவிடும் படமன்று. ஆண்டின் பெரும்பகுதியைப் பெட்டிக்குள் சுருண்டு கழித்து, உரிய பருவத்தில் சில வாரங்கள் மட்டும் வெளியே வந்து காவல் நின்று, மறுபடியும் பெட்டிக்குத் திரும்புவதே இதன் வழக்கம். ஆகவே, இதை விரிக்கவும் சுருட்டவும் கைகளைப் பழக்குவது, இதைப் பார்க்கக் கண்களைப் பழக்குவதற்கு இணையான வேலை. இந்தக் கட்டுரை இரண்டையும் சேர்த்தே சொல்கிறது.

படத்தில் இருப்பவரை அறிந்துகொள்ளுங்கள்

ஷோக்கி என்பது ஜப்பானியப் பெயர். சீனத்தில் இவர் ஜோங் குய். இவருடைய கதை, தாங் மரபைச் சேர்ந்த பேரரசர் ஷுவான்ட்ஸோங்கின் (ஆட்சி 712–756) நோய்ப்படுக்கையில் தொடங்குகிறது. குளிர்காய்ச்சலில் கிடந்த பேரரசரின் கனவில் ஒரு குட்டிப் பேய் நுழைந்து, அவருடைய அன்புக்குரிய துணைவி யாங் குய்ஃபெயின் நறுமணப் பையையும் பேரரசரின் புல்லாங்குழலையும் களவாடிக்கொண்டு அரண்மனையைச் சுற்றி ஓடுகிறது. அப்போது தொப்பியும் அங்கியும் தோல் காலணியும் அணிந்த ஒரு பேருருவம் தோன்றி, அந்தக் குட்டிப் பேயைப் பிடித்து, அதன் கண்ணைப் பிடுங்கித் தின்றுவிடுகிறது. நீ யார் என்று பேரரசர் கேட்க, அரசுத் தேர்வில் தோற்றுப்போன ஜோங் குய் என்று அது தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, உலகிலுள்ள தீய ஆவிகளையெல்லாம் ஒழிப்பதாக வாக்களிக்கிறது. தோல்வியின் அவமானம் தாங்காமல் அரண்மனைப் படிக்கட்டில் தலையை மோதிக்கொண்டு இறந்தவர் அவர் என்றும், அவரை அரச மரியாதையுடன் அடக்கம் செய்ததற்கான நன்றிக்கடனாகவே இந்தக் காவல் வேலையை ஏற்றார் என்றும் பிற்காலக் கதைகள் விரித்துரைக்கின்றன. விழித்தெழுந்த பேரரசருக்கு நோய் நீங்கியிருந்தது. அவர் அரண்மனை ஓவியர் வூ தாவ்ட்ஸியை அழைத்துக் கனவில் கண்டதை வரையச் சொன்னார். அந்த ஓவியம் இன்று இல்லை. அதன் வழிவந்தவை என்று சொல்லிக்கொள்ளும் படங்கள்தாம் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகப் பெருகிவந்திருக்கின்றன.

இந்தக் கதையில் புதியவர்கள் கவனிக்கத் தவறும் செய்தி ஒன்று உண்டு. ஷோக்கியும் ஓர் ஆவிதான். பேய்களைப் பிடிக்கப் பேயையே அமர்த்தியிருக்கிறார்கள். அதனால்தான் ஓவியர்கள் அவருக்குத் தேவர்களுக்குரிய சாந்தமான முகத்தைக் கொடுப்பதில்லை. அவர் துரத்தும் பேய்களின் முகத்தோடு அவருடைய முகத்துக்குப் பல படங்களில் உறவுச்சாயல் தெரியும்.

ஜப்பானில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய ஷோக்கி படங்களுள் முதன்மையானது நாரா தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது. தீமையை அழிக்கும் தெய்வங்களைக் காட்டும் ஹெக்கிஜா-எ எனப்படும் ஐந்து ஓவியங்களுள் அது ஒன்று. 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. தேசியச் செல்வமாக அறிவிக்கப்பட்டது. முதலில் கிடையாக விரித்துப் படிக்கும் ஒரே நீள் சுருளாக இருந்ததைப் பிற்காலத்தில் துண்டுகளாக்கித் தொங்கவிடும் சுருள்களாக மாற்றியிருக்கிறார்கள். அதிலுள்ள எழுத்து, ஷோக்கி கொள்ளைநோய்ப் பேய்களைப் பிடித்துக் கண்களைத் தோண்டுவார் என்றும், அதனால் மக்கள் புத்தாண்டில் அவருடைய உருவத்தை வரைந்து வீட்டுக் கதவில் ஒட்டுகிறார்கள் என்றும் கூறுகிறது. கதவில் ஒட்டிய காகிதம்தான் பின்னர் வீட்டுக்குள் வந்து பட்டு விளிம்பு பெற்றது.

உருவத்தை அடையாளம் காணுங்கள்

பெயர் எழுதப்படாத சுருள்களே மிகுதி. ஆகவே தொப்பி, தாடி, வாள், காலணி என்ற நான்கையும் தேடுங்கள். தொப்பி சீன அதிகாரிகளுடையது. அதன் இருபுறமும் காதுபோல் நீண்ட பட்டைகள் இருக்கும். தாடி அடர்ந்து, காற்று எந்தப் பக்கம் வீசுகிறதோ அந்தப் பக்கம் மொத்தமாகச் சாயும். வாள் இருபுறமும் கூரிய நேரான சீன வாளாகவே பெரும்பாலும் வரையப்பட்டிருக்கும். காலணி முழங்காலை எட்டும் உயரமானது. காலடியிலோ கைப்பிடியிலோ பேய் இருக்கலாம்; பல படங்களில் இருக்காது.

குழப்பம் நேர்வது மூன்று இடங்களில். செந்நிற உடையும் உருட்டிய கண்களும் கொண்டவர் வாளும் தொப்பியும் இல்லாமல் இருந்தால் அவர் தியான குரு தருமா (போதிதர்மர்). நீண்டு நேராக விழும் தாடியும் நெடிய பிடியுடைய பிறைவாளும் இருந்தால் அவர் சீனப் போர்வீரர் குவான் யூ. கவசம் அணிந்து ஒரு கையில் சிறு கோபுரத்தை ஏந்தியிருப்பவர் பௌத்தக் காவல் தெய்வம் பிஷாமோன்தென்.

உருவம் முழுவதும் சிவப்பு வண்ணத்தால் மட்டும் தீட்டப்பட்டிருந்தால், அதை நிறக் குறைபாடு என்றோ ஓவியரின் விளையாட்டு என்றோ எண்ண வேண்டாம். எடோ காலத்தில் (1603–1868) பெரியம்மையைச் சிவப்பு நிறம் தடுக்கும் என்ற நம்பிக்கை வலுவாக இருந்தது. குழந்தை படுத்திருந்த அறையில் சிவப்பு ஷோக்கியைத் தொங்கவிட்டார்கள்.

எப்போது மாட்டுவது

ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள் கொண்டாடப்படும் டாங்கோ பண்டிகை ஆண்பிள்ளைகளுக்குரியதாக எடோ காலத்தில் வளர்ந்தபோது, ஷோக்கி அதன் காவலராக இடம் பிடித்தார். 1873இல் ஜப்பான் மேலை நாட்காட்டிக்கு மாறிய பின்னர் அந்த நாள் மே 5க்கு வந்தது. 1948இல் அது எல்லாக் குழந்தைகளுக்குமான விடுமுறை நாளாயிற்று. பழைய நாட்காட்டியில் அது பெரும்பாலும் ஜூன் மாதத்தில், ஈரமும் வெப்பமும் ஒன்றுசேர்ந்து நோய் பரவும் வேளையில் விழுந்தது. பேய்விரட்டிக்கு அந்த நாள் ஏன் பொருந்தியது என்பது இப்போது புரியும்.

இன்றைய வழக்கப்படி ஏப்ரல் நடுவிலோ இறுதியிலோ மாட்டி, பண்டிகை முடிந்து சில நாட்களில் இறக்கிவிடலாம். ஜப்பானின் ஜூன் மாத மழைக்காலத்தில் மாட்டி வைக்காதீர்கள். வேறு பருவத்தில் மாட்டக் கூடாது என்ற தடை எதுவும் இல்லை. நோய்க்காலத்தில் அவரை எப்போது வேண்டுமானாலும் அழைத்திருக்கிறார்கள். ஆனால் ஒரு தடவைக்கு மூன்று, நான்கு வாரங்களைத் தாண்டாமல் இருப்பது ஓவியத்துக்கு நல்லது.

உறுப்புகளின் பெயர்கள்

தொங்கவிடும் சுருளுக்குக் காக்கெஜிக்கு என்று பெயர். ஓவியம் வரைந்த தாள் அல்லது பட்டு ஹோன்ஷி எனப்படும். அதன் மேலும் கீழும் ஒட்டிய குறுகிய பட்டுப் பட்டை இச்சிமோன்ஜி. பெரும்பாலும் பொன் இழையோடியிருக்கும். மேலிருந்து தொங்கும் இரண்டு நாடாக்கள் ஃபூத்தாய். மேல்முனையிலுள்ள அரைவட்டக் கட்டை ஹஸ்ஸோ, கீழ்முனையிலுள்ள உருளைக்கட்டையின் இரு குமிழ்கள் ஜிக்குசாக்கி. தொங்கவிடும் கயிறு காக்கெயோ, சுருளைக் கட்டும் நாடா மாக்கியோ. இவற்றை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. கையில் எடுத்து இரண்டு தடவை விரித்துச் சுருட்டினாலே பெயர்கள் தாமாக ஒட்டிக்கொள்ளும்.

விரிப்பதும் மாட்டுவதும்

மோதிரம், கைக்கடிகாரம், வளையல் ஆகியவற்றைக் கழற்றிவிட்டுக் கைகளைக் கழுவி நன்றாக உலர்த்துங்கள். பட்டுப் பரப்பை விரல் நுனியால் தொடுவதைத் தவிர்த்து, குமிழ்களையும் விளிம்புகளையும் மட்டும் பிடியுங்கள். சுருளைச் சுத்தமான மேசைமேல் வைத்து, கட்டு நாடாவை அவிழ்த்து, அதனடியில் வைத்துள்ள காகிதத் துண்டை எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். நாடா சுருளில் பதிந்து தழும்பு விழாமல் காப்பது அந்தத் துண்டுதான். அதைத் தொலைப்பவர்களே அதிகம்.

அடுத்து, ஒரு சாண் அளவுக்கு மட்டும் விரித்து, மடிந்திருக்கும் இரண்டு ஃபூத்தாய் நாடாக்களையும் நிமிர்த்துங்கள். அவிழ்த்த கட்டு நாடாவை வலப்பக்கம் ஒதுக்குங்கள். இல்லாவிட்டால் அது ஓவியத்துக்குப் பின்னால் தொங்கிப் புடைப்பை உண்டாக்கும். இப்போது சுருண்ட பகுதியை இடக்கையில் தாங்கி, வலக்கையில் யஹாஸு எனப்படும் கவைக்கோலைப் பிடித்து, அதன் கவையில் தொங்கு கயிற்றை ஏந்தி ஆணியில் மாட்டுங்கள். கயிறு ஆணியில் சரியாக அமர்ந்துவிட்டது என்று கண்ணால் பார்த்து உறுதி செய்த பிறகே கோலை எடுக்க வேண்டும். பிறகு இரு கைகளாலும் குமிழ்களைப் பிடித்து, கிணற்றில் வாளியை இறக்கும் நிதானத்தோடு சுருளைக் கீழ்நோக்கி விரித்துக்கொண்டே செல்லுங்கள்.

நான் முதன்முதலில் மாட்டியபோது கண்ணால் பார்க்கும் அந்தப் படியைத் தாண்டிவிட்டேன். கயிறு ஆணியின் தலையில் மட்டுமே தொற்றிக்கொண்டிருந்தது. சுருள் பாதி இறங்கியபோது மேற்கட்டை நழுவி என் தோளில் விழ, பதற்றத்தில் நான் இறுக்கிப் பிடித்த இடத்தில், ஷோக்கியின் தாடிக்குக் குறுக்கே, நகத்தால் கீறியதுபோல் ஒரு மடிப்பு விழுந்தது. சாய்வான வெளிச்சத்தில் அது இன்றும் தெரிகிறது. கண்ணை ஒரு தடவை உயர்த்தியிருந்தால் போதும். இரண்டு நொடி வேலை.

ஜப்பானிய வீட்டில் இதற்கென்றே டோக்கோனோமா என்ற மாடம் உண்டு. அது இல்லாதவர்கள், வெயில் நேரடியாக விழாத, குளிர்சாதனக் காற்றோ அடுப்பின் சூடோ படாத உட்சுவரைத் தேர்ந்தெடுக்கலாம். கயிறு நீளம் போதாதபோது உயரத்தைக் கூட்டிக் குறைக்க ஜிஸாய் என்ற கொக்கி பயன்படும். காற்றில் ஆடினால் இரு குமிழ்களிலும் ஃபூச்சின் என்ற சிறு எடைகளைத் தொங்கவிடும் வழக்கம் உண்டு. பழைய, நலிந்த சுருளுக்கு அவற்றை மாட்டி இழுவையைக் கூட்டுவதைவிடச் சன்னலைச் சாத்திவிடுவதே மேல் என்பது என் கருத்து.

எந்தத் திசையில் மாட்டுவது என்று கேட்பவர்களுக்குக் கியோட்டோவின் கூரைகள் ஒரு குறிப்புத் தருகின்றன. அங்கே பழைய மர வீடுகளின் தாழ்வாரக் கூரையில் ஓட்டுமண்ணால் செய்த சிறு ஷோக்கி நிற்பார். எதிர்வீட்டை அவர் நேருக்கு நேர் முறைத்தால், விரட்டப்பட்ட தீமை அங்கே போய்ச் சேரும் என்பதால், பார்வையைச் சற்றுத் திருப்பி வைப்பது அண்டை வீட்டாருக்குக் காட்டும் மரியாதை. சுருளோவியத்துக்கு அப்படி விதி இல்லை. ஆயினும் அவருடைய பார்வை அறையின் வாசலை நோக்கி அமையுமாறு மாட்டினால், வெற்றுச் சுவரை முறைக்கும் காவலரைவிட உயிர்ப்போடு தெரிவார்.

நிதானமாகப் பாருங்கள்

மாட்டியவுடன் இரண்டு எட்டு பின்வாங்கி உட்காருங்கள். இந்தச் சுருள்கள் தரையில் அமர்ந்து பார்ப்பவரை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டவை. நின்றுகொண்டு பார்த்தால் ஷோக்கியின் தொப்பி கண்மட்டத்துக்கு வந்து அவர் குள்ளமாகிவிடுவார். உட்கார்ந்தால் அவர் ஓங்கி நிற்பார்.

முதலில் கண்களைப் பாருங்கள். கருவிழி ஒரு சிறு புள்ளியாக, வெள்ளைவிழிக்கு நடுவே எந்த ஓரத்தையும் தொடாமல் இருந்தால் அந்த முகத்தில் சினம் ஏறும். அந்தப் பார்வை எங்கே போகிறது என்று தொடர்ந்து செல்லுங்கள். பேய் வரையப்பட்டிருந்தால் பார்வை அங்கே முடியும். பேய் இல்லாத படங்களில் பார்வை ஓவியத்தின் விளிம்பைத் தாண்டி, நீங்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் வரும். பேய் அறையில் எங்கோ இருக்கிறது என்று பொருள். இரண்டு வகைகளில் எனக்கு இதுவே பிடித்தமானது.

அடுத்தது அங்கியின் கோடுகள். முகத்துக்கு மெல்லிய தூரிகையை எடுக்கும் ஓவியர், அங்கிக்கு வேறொரு முரட்டுத் தூரிகையை எடுத்துக்கொள்வார். மைகோர்த்த நுனியை அழுத்தி வைத்து, இழுத்து, சடாரெனத் திருப்பி எடுத்த இடத்தில் கோடு முதலில் தடித்துப் பின் கிழிந்ததுபோல் வெண்மை கலந்து முடியும். உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தால் அந்த வெண்மை தூரிகை மயிர்களின் தனித்தனி இழைகளாகப் பிரிந்து தெரியும். மாறாக ஒரே அளவான நுண்புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தால் உங்களிடம் இருப்பது அச்சுப்படம். அச்சுப்படத்தை மாட்டுவதில் பிழையில்லை. கையால் வரைந்ததற்கான விலையை அதற்குக் கொடுப்பதுதான் பிழை.

ஓவியர்கள் எல்லாரும் ஷோக்கியைக் கண்டு நடுங்கியவர்கள் அல்லர். தியானத் துறவி ஹாகுயின் (1685–1768), மிசோ என்ற சோயா விழுதை அரைப்பதுபோல் பேய்களை மண்கலத்தில் போட்டு அரைக்கும் ஷோக்கியை வரைந்திருக்கிறார். கவானாபே கியோசாய் (1831–1889) பேயைப் பந்துபோல் வானத்துக்கு உதைத்தெறியும் ஷோக்கியை வரைந்தார். உங்கள் சுருளில் அவர் சிரிப்பை வரவழைத்தால் அதைத் தரக்குறைவு என்று ஒதுக்காதீர்கள். அச்சமும் கேலியும் கலந்ததே இந்த மரபு.

கையொப்பமும் முத்திரையும் பெரும்பாலும் கீழ்மூலையில் இருக்கும். ஹொக்குசாயைப் போன்ற பெரும் பெயரைக் கண்டால் உடனே மகிழ வேண்டாம். புகழ்பெற்ற பெயர்களைப் பிறர் எழுதிவைப்பது பழங்கால வழக்கமே. ஓவியரே எழுதிக் கையொப்பமிட்ட பெட்டிக்கு டோமோபாக்கோ என்று பெயர். அது உடன் இருந்தால் நம்பிக்கை கூடும். ஆனால் பெட்டியும் சுருளும் வெவ்வேறு வீடுகளிலிருந்து வந்து சேர்ந்தவையாகவும் இருக்கலாம் என்பதால், சுருளின் நீளமும் பெட்டியின் உட்பள்ளமும் பொருந்துகின்றனவா என்று வைத்துப் பாருங்கள். கியோட்டோவில் தோஜி கோயிலில் ஒவ்வொரு மாதமும் 21ஆம் நாளும் கித்தானோ தென்மாங்கு கோயிலில் 25ஆம் நாளும் கூடும் சந்தைகளில் பழைய சுருள்கள் விற்பனைக்கு வரும். வாங்கும் முன் முழுவதும் விரித்துக் காட்டச் சொல்வதற்குத் தயங்க வேண்டாம்.

இறக்கிச் சுருட்டுவது

மழை நாளில் இறக்காதீர்கள். இரண்டு மூன்று நாள் வெயிலடித்துக் காற்று உலர்ந்தபின், பகல் வேளையில் இறக்குங்கள். ஈரத்தைச் சேர்த்துச் சுருட்டினால் பெட்டிக்குள் பூஞ்சை வளர்ந்து, தாளில் பழுப்புப் புள்ளிகள் பூக்கும். மென்மயிர்த் தூரிகையால் மேற்கட்டையிலும் பின்பக்கத்திலும் படிந்த தூசியை மட்டும் தட்டுங்கள். ஓவியப் பரப்பின்மேல் எதையும் ஓட்டாதீர்கள். வண்ணங்களைத் தாளில் பிடித்துவைத்திருப்பது நிக்காவா என்ற விலங்குப் பசை மட்டுமே. அது வலுவிழந்த இடத்தில் சிவப்பும் வெண்மையும் பொடியாக உதிரும்.

கீழிருந்து இரு கைகளாலும் சுருட்டிக்கொண்டே மேலேறி, நெஞ்சு உயரத்தை எட்டியதும் இடக்கையால் சுருளைத் தாங்கி, கவைக்கோலால் கயிற்றை ஆணியிலிருந்து எடுத்து, எஞ்சியதை மேசைமேல் வைத்துச் சுருட்டுங்கள். இங்கேதான் கை அவசரப்படும். தளர்வாகச் சுருண்டுவிட்டது என்று தோன்றினால் குமிழ்களை முறுக்கி இறுக்காதீர்கள். அப்படி முறுக்கும்போது உள்ளே ஓவியப் பரப்பும் பின்தாளும் ஒன்றோடொன்று உராய்ந்து, வண்ணம் தேய்கிறது. விளிம்பு கோணியிருந்தால் தட்டிச் சமன்செய்ய முயலாமல், அவிழ்த்து முதலிலிருந்து சுருட்டுங்கள். நாடாக்களைப் பழைய மடிப்புத் தடத்திலேயே மடியுங்கள். காகிதத் துண்டை வைத்து, கட்டு நாடாவை மூன்று சுற்றுச் சுற்றி, முனையை வளையமாக்கித் தொங்கு கயிற்றினடியில் செருகுங்கள். உங்கள் சுண்டுவிரல் கட்டுக்குள் நுழையும் அளவுக்குத் தளர்வு இருக்கட்டும்.

கனத்த வண்ணம் தீட்டிய சுருளாக இருந்தால், ஃபுட்டோமாக்கி என்ற தடித்த மர உறையைக் கீழ்க்கட்டைமேல் பொருத்திச் சுருட்டுவது நல்லது. சுருளின் விட்டம் பெரிதாவதால் வண்ணத்தில் வெடிப்பு விழாது. (சாப்பாட்டுக் கடையில் இதே சொல்லுக்குத் தடித்த சுஷி வரும் என்பதால், இணையத்தில் தேடுபவர்கள் பசியோடு திரும்ப நேரிடலாம்.)

கிழிந்தால், பூச்சி அரித்தால்

நீங்கள் ஒட்டாதீர்கள். பிசின் நாடா, கடையில் விற்கும் பசை, இஸ்திரிப் பெட்டி ஆகிய மூன்றும் ஒரு பூச்சியைவிட அதிகக் கேட்டை ஒரு மாலைப் பொழுதில் செய்துவிடும். சுருள் அமைக்கும் கைவினைஞர்களான ஹியோகுஷிகள் கோதுமை மாவுப் பசையைப் பயன்படுத்துவதற்குக் காரணம், அது பின்னொரு நாள் நீரில் இளகிப் பிரிந்துவரும் என்பதே. பின்தாளுக்கு அவர்கள் பயன்படுத்தும் பசையைச் சாடியில் இட்டுப் பத்தாண்டு அளவுக்கு முதிரவைப்பார்கள். முதிர்ந்த பசை வலுக் குறைந்தது. அதனால்தான் சுருள் விறைக்காமல் சுருள்கிறது. வலுக் குறைந்த பசை பிடிக்க வேண்டும் என்பதற்காகத் தாளின் முதுகை ஒரு கனத்த தூரிகையால் சீராக அடித்து இழைகளைக் கோத்துவிடுவார்கள். இத்தனை படிகளையும் ஒரு குழாய்ப் பசையால் ஈடுசெய்ய முடியாது. மடிப்புத் தழும்புக்குப் பின்பக்கம் மெல்லிய தாள்கீற்றை ஒட்டி நிமிர்த்துவதும் அவர்கள் வேலையே. என் ஷோக்கியின் தாடித் தழும்புக்கும் அதுதான் வழி.

பெட்டிக்குள்

பவ்லோனியா மரப்பெட்டி ஈரத்தில் பருத்து மூடியை இறுக்கிக்கொள்ளும், வறட்சியில் சற்றே தளரும். ஆகவே அதைக் கழுவி மெருகெண்ணெய் பூசி அழகுபடுத்த வேண்டாம். பூச்சிமருந்து வைப்பதாக இருந்தால் ஒரே வகையை வையுங்கள். கற்பூரமும் நாப்தலினும் ஒரே பெட்டியில் சேர்ந்தால் இளகி நீர்த்து, பட்டில் கறையாக இறங்கும். பெட்டியைத் தரையோடும் வெளிச்சுவரோடும் ஒட்டாமல் உயரமான தட்டில் வையுங்கள். ஜப்பானில் என்றால் அக்டோபர், நவம்பர் மாதங்களில், காற்று உலர்ந்த ஒரு பகலில் எடுத்து, இரண்டு மூன்று மணி நேரம் நிழலில் மாட்டிக் காற்றாட விட்டுத் திரும்பவும் சுருட்டுங்கள். மாட்டிய நாளையும் இறக்கிய நாளையும், கண்ணில் பட்ட புதிய புள்ளி அல்லது மடிப்பு எங்கே இருக்கிறது என்பதையும் பென்சிலால் ஒரு சீட்டில் எழுதிப் பெட்டிமூடியின் உட்புறம் வைத்துவிடுங்கள். பேனா வேண்டாம், மை ஒட்டும்.